ஒரேவோவுக்கு ஒரு டிக்கெட்

யோத்தெபோரி, சுவீடன்
2 அக்டோபர் 2017

திருமதி வேலிகா அவர்களுக்கு,

நான் குனில்லா. உங்கள் தம்பி ரிஸ்தோவோடு பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள். நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர், ஜெர்மன் நன்றாக எழுதுவீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் அம்மா ஜெர்மன்காரி. அதனால் ஜெர்மனில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நமக்குள் பேச ஒரு மொழிகூடக் கிடையாது.

ஜூலையில் லீவு போட்டு ஊருக்கு வந்தவர் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். மறுநாளே புதைத்துவிட்டீர்கள். எனக்குச் செய்தி வந்தபோது மண்ணே காய்ந்திருக்கும். அவரோடு டிராம் ஓட்டிய உங்கள் நாட்டு நண்பர் ஒருவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டிய கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் தாள். அதில் ரிஸ்தோவின் முகம். கீழே எழுதியிருந்ததை அவரே படித்துச் சொன்னார்: துயரத்தில் வாடுவோர், மகன் கிரில், அக்கா வேலிகா, உற்றார் உறவினர். "வேற யாரும் இல்லையா?" என்று கேட்டேன். அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அது போதாதென்று செப்டம்பரில் ஒரு பார்சல். உங்கள் தலைநகர் ஸ்கோப்யேவிலிருந்து வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர், ஒரு துண்டு, ஒரு மெழுகுவர்த்தி. ஒரு வரி எழுதி வைக்கவில்லை. வீட்டைக் காலி பண்ணும்போது மிஞ்சியதை மூட்டை கட்டி அனுப்பினீர்கள் போலும். அதை அப்படியே அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவர் கல்லறைக்கு நான் ஒரு தடவை வர வேண்டும். யாரும் காரில் வந்து அழைத்துப் போக வேண்டாம், பஸ்ஸில் வந்துகொள்வேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டிக்கெட் வாங்க, ஏற, இறங்கத் தேவையான சொற்களை எழுதி அனுப்புங்கள். புத்தகம் வாங்கிப் பார்த்தேன். ஹோட்டலில் அறை கேட்கவும் ஏரியில் படகு கேட்கவும் சொல்லித் தருகிறது. ஒரேவோ போகிற பஸ் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரிஸ்தோவிடம் எத்தனையோ முறை கேட்டேன், உங்க பாஷையில் நாலு வார்த்தை சொல்லித் தா என்று. "நான் கூட இருக்கேன்ல, உனக்கு எதுக்கு?" என்பார்.

கூட இல்லையே.

குனில்லா


ஒரேவோ
25 அக்டோபர் 2017

திருமதி குனில்லா அவர்களுக்கு,

மிஞ்சினதை மூட்டை கட்டி அனுப்பினேனாம்! நல்லா இருக்கிறது உங்கள் பேச்சு. கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் எழுந்தேன். போடவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாற்பதாம் நாள் இறந்தவர் உடுப்பைக் கொடுத்துவிட வேண்டும். கோட்டு அடுத்த வீட்டுக்கு, சப்பாத்து வறியவனுக்கு. ஆனால் அவர் உடம்பில் அதிகம் கிடந்த உடுப்பு, அவருக்கு மிக நெருங்கியவருக்குத்தான் போகும். கூடவே கையில் போர்த்த ஒரு துண்டு, ஏற்றி வைக்க ஒரு மெழுகுவர்த்தி. அந்த ஸ்வெட்டர் நான் பின்னினது. போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில், முழங்கையில் பட்டை வைத்து. கிரில் அதைக் கேட்டான். காணோம்டா என்று பொய் சொல்லிவிட்டு உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் அலமாரிக்கு அடியில் தள்ளினீர்கள்.

இரங்கல் தாளில் உங்கள் பெயர் இல்லைதான். அச்சுக்கடைக்காரன் "வேற யாராச்சும் உண்டா?"ன்னு கேட்டான். கிரில் "இல்ல"ன்னான். அப்பன் பிணம் கூடத்தில் கிடக்கிறது, பையன் கண் சிவந்து நிற்கிறான். அவனோடு நான் சண்டை போடவா? நீங்கள் மாதா கோவிலில் கைபிடித்தவரும் இல்லை. உங்களைக் கூட்டி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று ரிஸ்தோவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னவள் நான். மறைக்க ஒன்றுமில்லை. கிரில் என்னோடுதான் இருக்கிறான். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவனைப் பொறுத்தவரை நீங்கள் அவன் அப்பாவை அள்ளிக்கொண்டு போன பெண்.

வராதீர்கள். வந்து என்ன ஆகப்போகிறது?

கேட்டதற்கு இரண்டு சொல் மட்டும் தருகிறேன். இமா என்றால் இருக்கிறது. நேமா என்றால் இல்லை. டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு எதுவும் வாயில் வராது. பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும்.

வேலிகா


யோத்தெபோரி
14 நவம்பர் 2017

அன்புள்ள வேலிகா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அலமாரிக்கு அடியில் படுத்து ஸ்வெட்டரை இழுத்து எடுத்தேன். முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் வாசனை இன்னும் இருந்தது, கழுத்துப் பக்கம். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டேன். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. அவர் எதையும் சொல்லித் தரவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமே.

இமா, நேமா இரண்டையும் படித்துவிட்டேன். டிராமில் போகும்போது ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மழை இமா. வெயில் நேமா. ரிஸ்தோ நேமா. நேற்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துப் பெண்மணி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். அவர் தூக்கத்தில் உங்கள் மொழியில்தான் பேசுவார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. செக்காய், செக்காய் என்று. காலையில் கேட்டால் "நான் எங்க பேசினேன்?" என்று சிரித்து மழுப்புவார். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் படுத்தும் கனவில் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு பெண்ணின் பெயரா?

வராதே என்கிறீர்கள். வருவேன்.

குனில்லா


ஒரேவோ
9 டிசம்பர் 2017

குனில்லா,

பெண்ணின் பெயராம். அடக் கடவுளே! செக்காய் என்றால் "இரு, நில்லு" என்று அர்த்தம். சின்ன வயதில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து டவுன் பிரிலெப்புக்குப் பஸ்ஸில் போவோம். நான் முன்னால் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பேன், கதவை மூட முடியாதபடி. அந்தச் சோம்பேறி பின்னாலேயே பைக்கட்டும் தானுமாக ஓடி வருவான், "செக்காய், வேலிகா, செக்காய்!" என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு. டிரைவர் என்னைத்தான் திட்டுவார். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு கனவில் என் பஸ்ஸைத் துரத்தியிருக்கிறான். இதை எழுதும்போது கண் மறைக்கிறது. போகட்டும்.

நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. அவனும் அப்படித்தான், கழுதைப் பிடிவாதம். சரி, எழுதிக்கொள்.

ஸ்கோப்யே பஸ் நிலையத்தில் ஜன்னலுக்கு முன்னால் வரிசை இருப்பதுபோல் தெரியும். வரிசை கிடையாது. முழங்கையை உபயோகி. "எதென் பிலெத் தோ பிரிலெப், போவ்ராதென்." ஒரு டிக்கெட் பிரிலெப்புக்கு, போகவர. போகவர என்று சொல்ல மறக்காதே. திரும்பும்போது அதை மறுபடி ஜன்னலில் காட்டி முத்திரை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் குதிப்பார். தயவுசெய்து என்பதற்கு மோலம். கீழே விழுந்த டிக்கெட்டை எடுத்து யாராவது "யாருது?" என்றால் மோய் என்று சொல். என்னுடையது. பிரிலெப்பில் இறங்கி, கடைசித் தடத்தில் நிற்கும் சின்ன பஸ்ஸைப் பார். கண்ணாடியில் அட்டை சொருகியிருக்கும். எங்கள் எழுத்துக்களைத் தனித் தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், பழகிக்கொள். டிரைவர் பெயர் த்ராயான். நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது. கல்லறைத் தோட்டம் ஊருக்கு முந்தின நிறுத்தம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜூனில் ஒரு சனிக்கிழமை வா. புகையிலை நாற்று நட எல்லோரும் வயலில் கிடப்பார்கள், கல்லறைப் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது. உன்னை யாரும் பார்க்க வேண்டாம். வருஷ நினைவுக்கு ஜூலையில் வந்து நிற்காதே, கிரில் இருப்பான். நீ என்றைக்கு வருகிறாய் என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம். வீட்டுப் பக்கம் வராதே. உன் காலடி இந்த வாசலில் பட்டால் தான் வெளியேறிவிடுவதாகக் கிரில் சொல்லியிருக்கிறான். தம்பி போய்விட்டான். இவனும் போனால் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

வேலிகா


யோத்தெபோரி
11 மார்ச் 2018

அன்புள்ள வேலிகா அவர்களுக்கு,

வீட்டுப் பக்கம் வரமாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். திருடியைப்போல வந்து திருடியைப்போலப் போய்விடுகிறேன். இப்படி எழுதக்கூடாது, ஆனாலும் இது எனக்கு வலிக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்துக்கள் பிடிபட்டுவிட்டன. சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது எது தெரியுமா? நண்பரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த அந்த இரங்கல் தாள் படம். ரி, ஸ், தோ. அப்புறம் கீழே. இரண்டு தடவை படித்தேன், எங்காவது ஒளிந்துகொண்டிருக்குமோ என்று. நேமா.

கணவர் என்பதற்கு உங்கள் சொல் என்ன? பஸ்ஸில் யாராவது யாரிடம் போகிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டுமே.

குனில்லா


ஒரேவோ
15 ஏப்ரல் 2018

குனில்லா,

அந்தச் சொல் உனக்கு வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்தது. அவன் பங்குக்கு ஒரு சிவப்பு முட்டையைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன்.

வேறொரு விஷயம், இதை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இறந்தவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது. பிரிலெப் நிலையத்துக்கு எதிர்க் கடையில் சதுர பிஸ்கட்டும், லோக்கும் என்கிற மெத்தென்ற மிட்டாயும் வாங்கு. இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே ஒரு மிட்டாயை வைத்து அழுத்து. அதுதான் எங்கள் ஊரில் ஆத்மாவுக்குக் கொடுப்பது. அதைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தால் போதாது. உயிரோடு இருக்கும் வாய்கள் தின்ன வேண்டும், அப்போதுதான் அவனுக்குப் போய்ச் சேரும். அன்றைக்குக் கல்லறையில் ஆள் இருக்காது. அதனால் பஸ்ஸிலேயே கொடுத்துவிடு. ஒருவரையும் விடாதே, டிரைவர் உட்பட. "ஸா ரிஸ்தோ" என்று சொல்லிக் கொடு. ரிஸ்தோவுக்காக. யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், மரியாதை தெரியாத ஜனங்கள் என்று நினைத்துவிடாதே. இதற்கு நன்றி சொல்லக்கூடாது. "போக் தா கோ ப்ரோஸ்தி" என்பார்கள். கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்று. நீ தலையை மட்டும் ஆட்டு.

வேலிகா


யோத்தெபோரி
20 ஜூன் 2018

வேலிகா அக்கா,

வந்தேன், போனேன்.

ஸ்கோப்யேவில் முழங்கையை உபயோகித்தேன். ஜன்னல் பெண் "நேமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. பிரிலெப்பில் பிஸ்கட் வாங்கி, நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மிட்டாய் வைத்து அழுத்தினேன். இரண்டு உடைந்துவிட்டன. அந்த வெயிலில் ரிஸ்தோவின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சின்ன பஸ் நிறைந்திருந்தது. சந்தைக்கு வந்து திரும்பும் பெண்கள், தக்காளி நாற்றுத் தட்டு, ஒரு கூடைக்குள் கோழி. பஸ் கிளம்பினதும் எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. முன் சீட்டுக் கிழவரிடம் நீட்டி "ஸா ரிஸ்தோ" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நீங்கள் எழுதியதைச் சொன்னார். அடுத்தவரும் சொன்னார். அதற்கடுத்தவரும். ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் போனேன். யாரும் நன்றி சொல்லவில்லை. எல்லோரும் அவர் பெயரைக் கேட்டார்கள், எல்லோரும் அவருக்காகச் சொன்னார்கள்.

கடைசி சீட்டில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணி ஸ்வெட்டரின் முழங்கையைப் பிடித்து, பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "வேலிகா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு உங்கள் மொழியில் சொல் இல்லை. தலையாட்டினேன். அப்புறம் நீளமாக ஏதோ கேட்டார், ரிஸ்தோ என்பது மட்டும் புரிந்தது. நீங்கள் தராத அந்தச் சொல்லைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. என்னிடம் இருந்தது ஒரே சொல். மோய் என்றேன். அவர் என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இந்த ஒரு வருடத்தில் அப்படி அழவில்லை, அக்கா.

த்ராயான் நிறுத்தம்வரை போகாமல் கல்லறைக் கதவிலேயே நிறுத்தினார். ரிஸ்தோவிடம் என்ன பேசினேன் என்று எழுதப்போவதில்லை. இமா, நேமா எல்லாம் ஒப்பித்தேன், சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டேன்.

நான் திரும்ப ஏறியதும் த்ராயான் பிரிலெப் பக்கம் போகாமல், பஸ்ஸை ஊருக்குள் திருப்பி ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். பஸ் கதவைத் திறந்துவிட்டு என்னையே பார்த்தார். கதவுக்கு மேல் உங்கள் பெயர் எழுதியிருந்தது. படிக்க முடிந்தது. ஜன்னல் திரை மூடியிருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். "ஐதே" என்றேன், போகலாம் என்று. பஸ்ஸில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டுப் படிந்துவிட்டது. உங்களுக்குக் கொடுத்த வாக்கு அது.

நான் யாருடையவள் என்று ஒருவராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன். முன்பின் தெரியாத ஒரு பஸ் ஒத்துக்கொண்டது. உங்கள் வீடு ஒத்துக்கொள்ளவில்லை. கோபமில்லை. ஆனால் என்னால் இதற்குமேல் முடியாது. இந்த மொழியை ஒரு பயணத்துக்காகக் கற்றேன், பயணம் முடிந்தது. இனி எழுத மாட்டேன். சுவரில் ஒட்டியிருந்த எழுத்துக்களை எடுத்துவிட்டேன்.

குனில்லா


ஒரேவோ
8 ஜூலை 2018

குனில்லா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் வீட்டில்தான் இருந்தேன். ஊறுகாய்ச் சாடி கழுவிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. த்ராயான் பார்சல் ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன், வழக்கமாக அப்படித்தான் நிறுத்துவான். கை எல்லாம் சோப்பு. "செக்காய்!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. செருப்போடு வளைவுவரை ஓடினேன். நீ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய். சாம்பல் நிற ஸ்வெட்டர். நான் பின்னினது எனக்குத் தெரியாதா? மறுபடியும் கத்தினேன். உனக்குத் தெரிந்த சொல், நான் சொல்லித் தந்த சொல். அந்த ஓட்டை இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

யாரும் பார்க்க வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், பஸ் முழுக்கப் பிஸ்கட் கொடு என்று எழுதினவளும் நான்தான். புத்தி எங்கே போயிற்றோ! சாயங்காலத்துக்குள் ஊரே வாசலில் நின்றது. முக்காடு போட்டவள் என் சிநேகிதி ஸ்தானா. வந்த வேகத்தில் கத்தினாள். "ஏண்டி, உன் தம்பி பொண்டாட்டி அந்த வெயில்ல கம்பளி போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஆளுக்கா ஆத்மாவுக்குக் கொடுத்துட்டுப் போறா, நீ ஒரு வாய்த் தண்ணி கொடுத்தியா?" த்ராயான் அதற்குமேல். "வாசல்ல கொண்டாந்து நிறுத்தினேன், அக்கா. கதவையும் தொறந்து விட்டேன். இதுக்குமேல தூக்கியா வந்து வைக்க முடியும்?"

கிரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் போனபிறகு, "அந்த ஸ்வெட்டர் காணாமப் போகல, அப்படித்தானே?" என்றான். ஆமாம் என்றேன். சாப்பிடாமல் எழுந்துபோனான். இவனும் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். காலையில் பிரிலெப் போய் அச்சுக்கடைக்காரனிடம் வருஷ நினைவுத் தாள் அடித்துக்கொண்டு வந்தான். என்னிடம் நீட்டிவிட்டு, "எழுத்துச் சரியான்னு பாரு, அத்த" என்றான். துயரத்தில் வாடுவோர் என்பதற்குக் கீழே முதல் பெயர் குனில்லா. அப்புறம்தான் அவன், அப்புறம் நான். நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருக்கிறோம்.

வா. வந்து படி.

நீ கேட்ட சொல் மாஷ். கணவர் என்று அர்த்தம். மோய் மாஷ். இதைத்தான் நீ ஸ்தானாவிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. இன்னொன்று, இந்தத் தடவை போவ்ராதென் என்று சொல்லாதே. போக மட்டும் கேள்.

வேலிகா


ஒரேவோ
27 அக்டோபர் 2018

குனில்லா,

ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று எழுதினேன். நீ பதில் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று சொன்னாய், சொன்னதைச் செய்கிறவள் நீ. என் வாசலில் பஸ் கதவு திறந்திருந்தபோதும் அப்படித்தான் செய்தாய்.

போன வாரம் பெய்த மழையில் கம்பத்துத் தாள் கிழிந்து தொங்கியது. கிரில் வேறொன்று ஒட்டினான். உன் பெயர் தெளிவாக இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் நான் நிறுத்தத்துக்குப் போகிறேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் போகிறேன். பஸ் நின்றதும் முன்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி உயிர் போகிறது, ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் இறங்கும்வரை த்ராயான் காத்திருப்பான், கதவை மூட மாட்டான். முதலில் "யாரைத் தேடுற, அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதில்லை. உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்வான்.

"நேமா."

நான் காலை எடுத்துக்கொள்வேன்.

வேலிகா